88-ஆம் சங்கீதம் ஏன் இருட்டிலேயே முடிகிறது? அக்காவின் பைபிளில் கோடு போட்டிருந்தது

வண்ணை ஜே எழுதியது:

கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். போன மாதம் என் அக்கா இறந்துபோனாள். வயது 34. இரண்டு பிள்ளைகள், பெரியவன் ஏழாவது, சின்னவள் மூன்றாவது படிக்கிறாள். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து ஒன்பது மாதம் டயாலிசிஸில் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஆறு மணி ஷிஃப்ட், நான்தான் நாலரைக்கு எழுந்து கூட்டிக்கொண்டு போவேன். நான் டீ குடித்துவிட்டு வண்டியை எடுப்பதற்குள் அவள் பைபிளை மடியில் வைத்து ஏதோ வாசித்துக்கொண்டிருப்பாள். என்ன வாசிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்தைத் தெருவில் சாமியானா போட்டு வைத்தோம். என்னை வேதம் வாசிக்கச் சொன்னார்கள். அக்காவின் பைபிளையே எடுத்துக்கொண்டேன். அதிலேயே அதிகமாகப் புரட்டி, தாள் ஓரம் கறுத்துப்போயிருந்த பக்கம் 88-ஆம் சங்கீதம். நீலப் பேனாவில் கோடு போட்டிருந்தாள், ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாகப் புள்ளிகள் வேறு. சரி, அவளுக்குப் பிடித்த சங்கீதம்போல என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். "என் ஆத்துமா துக்கத்தால் நிறைந்திருக்கிறது" என்று வரும்போதே கூட்டம் அமைதியாகிவிட்டது. பத்தாவது வசனத்தில் மூப்பர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "தம்பி, துக்க வீட்டில் ஆறுதலான வசனம் வாசிக்க வேண்டும், இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவரே 91-ஐ வாசித்தார். அதுகூடப் பரவாயில்லை. டீ கொடுக்கும்போது அம்மாவிடம், "கடைசி நாட்களில் உங்கள் மகளைச் சோர்வின் ஆவி பிடித்திருந்ததுபோலத் தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அக்கா விசுவாசத்தை விட்டுவிட்டுத்தான் செத்தாளா என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து என்னிடம் கேட்கிறார்.

அதன் பிறகு அந்தச் சங்கீதத்தை முழுக்க வாசித்துப் பார்த்தேன். கடைசி வசனம்வரை ஒரு நல்ல வார்த்தை இல்லை. மற்ற சங்கீதங்களில் அழுதாலும் கடைசியில் "உம்மைத் துதிப்பேன்" என்று வந்துவிடும், இதில் வரவே இல்லை. இப்படி ஒன்று வேதத்தில் எதற்கு இருக்கிறது? இதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒருத்தி தினமும் வாசித்தால் அதற்கு என்ன அர்த்தம்? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்ல வேண்டும்.


ராயபுரம் டீச்சர் எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள், புனித ராயப்பர் கோவில் பங்கு. எங்கள் குருக்களும் கன்னியர்களும் சொல்லும் திருப்புகழ்மாலையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும், படுக்கப் போகும் முன் சொல்லும் ஜெபத்தில், இதே 88-ஆம் திருப்பாடல்தான் வருகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் என்று இல்லை, வாராவாரம் வருகிறது. உலகம் முழுக்க அந்த ராத்திரியில் எத்தனையோ பேர் இதைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்கள். உங்கள் அக்காவைச் சோர்வின் ஆவி பிடித்திருந்தது என்றால் அவர்கள் எல்லோரையும் என்னவென்று சொல்வது?

நான் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் போன வருஷத்தில் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவர்கூட என்னை அழவிடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டு அம்மா மட்டும்தான், அவர் முஸ்லிம். அவரைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பழைய நாட்களில் பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி மூன்று நாளும் இருட்டு வேளையில் எரேமியாவின் புலம்பலை இராகமாகப் பாடுவார்கள், முக்கோண விளக்குத்தண்டில் இருக்கும் மெழுகுவர்த்திகளை ஒவ்வொரு சங்கீதத்துக்கும் ஒன்றாக அணைத்துக்கொண்டே வருவார்கள் என்று என் பாட்டி சொல்வார். இருட்டுவதற்கென்றே ஒரு வழிபாடு இருந்திருக்கிறது. அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.


பெரம்பூர் பழைய மாணவன் எழுதியது:

பிரதர், நான் இறையியல் கல்லூரியில் மூன்று வருஷம் எபிரெயம் படித்தவன், இப்போது போதகர் வேலையில் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், இது ஏதோ மூலையில் தவறிப்போய் நுழைந்த சங்கீதம் இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரி முறையீடுகள்தான். ஹெர்மன் குங்கெல் என்ற ஜெர்மன் அறிஞர் சங்கீதங்களை வகை பிரித்தபோது எண்ணிக்கையில் பெரிய வகையாக இதுதான் வந்தது. துதியைவிட இது அதிகம். நாம் ஞாயிற்றுக்கிழமை பாடுகிற பாட்டுப் புத்தகத்தில் அந்தக் கணக்கு வராது, அதனால்தான் இது நமக்கு வித்தியாசமாகத் தெரிகிறது.

88-இன் தலைப்பைப் பாருங்கள். எஸ்ராகியனாகிய ஏமானின் பாட்டு, கோராகின் புத்திரரின் சங்கீதம், "இராகத்தலைவனுக்கு" ஒப்புவிக்கப்பட்டது. கோராகின் புத்திரர் தேவாலயத்துப் பாடகர் குழு. ராத்திரியில் தனியாக அழுதவன் எழுதி ஒளித்து வைத்த காகிதம் இல்லை இது. குழு சேர்ந்து, இராகம் போட்டு, கூட்டத்துக்கு நடுவில் பாடியது. உங்கள் தெருவில் நீங்கள் நின்று வாசித்த மாதிரியேதான்.

அடுத்தது நீங்கள் கேட்ட முடிவு. எபிரெயத்தில் இந்தச் சங்கீதத்தின் கடைசிச் சொல்லே "மஹ்ஷாக்", இருட்டு. அதற்குப் பிறகு ஒரு எழுத்து கிடையாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்தவர்கள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வினை எதுவும் இல்லாமல் இருட்டு என்ற ஒரே சொல்லைப் போட்டு நிறுத்துகிறான். நம் பழைய தமிழ் பைபிளில் அந்த இடம் "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருக்கிறது. பொருளில் தப்பு என்று சொல்ல மாட்டேன், அப்படியும் எடுக்கலாம், ஆனால் தமிழில் வாசிப்பவனுக்கு அந்த இருட்டு கண்ணில் படாமலே போய்விடுகிறது. இதே இருட்டு ஆறாம் வசனத்திலும் பன்னிரண்டாம் வசனத்திலும் வந்து, மூன்றாவது தடவையாகக் கடைசியில் வந்து நிற்கிறது.

இப்போது இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த மனிதன் மூன்று தடவை கூப்பிடுகிறான், 1, 9, 13 வசனங்களில். மூன்று இடத்திலும் வேறு வேறு வினைச்சொல். முதலில் அலறுவது, அடுத்து அழைப்பது, கடைசியில் உதவி கேட்டுக் கதறுவது. இரவும் பகலும், நாள்தோறும், அப்புறம் காலையிலே. பதில் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனாலும் சங்கீதம் முழுக்க "நீர், உம்மை, உமது" என்றுதான் போகிறது. "என்னைப் பாதாளக்குழியிலும் இருளிலும் ஆழங்களிலும் வைத்தீர்" என்று குற்றம் சொல்வதைக்கூட அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறான். நம்பிக்கை போனவன் கடவுளைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவான், இல்லை பேசுவதையே விட்டுவிடுவான். இவன் விடவில்லை. முதல் வரியே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதானே ஆரம்பிக்கிறது.

உங்களை நிறுத்தினார்களே அந்தப் பத்தாவது வசனம், "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ?" அது அவிசுவாசம் இல்லை, வாதம். செத்தவன் உம்மைத் துதிக்க மாட்டான், நான் செத்தால் உமக்குத்தான் ஒரு குரல் குறையும் என்று கடவுளிடம் நியாயம் பேசுகிறான். செத்த பிறகு பாதாளத்தில் துதி கிடையாது என்பதுதான் அந்தக் காலத்து எபிரெயரின் பொதுவான எண்ணம், அந்த இடத்திலிருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது.

அக்கா எந்த வசனத்தின் ஓரத்தில் புள்ளி வைத்திருந்தார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?


கொருக்குப்பேட்டை விசுவாசி எழுதியது:

சகோதரர் ஜே, உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன். அந்த மூப்பர் அம்மாவிடம் சொன்ன வார்த்தை தப்புதான், அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாசிப்பை நிறுத்தியதில் அவர் மேல் முழுப் பழியும் போட எனக்கு மனம் வரவில்லை. முன்வரிசையில் இரண்டு சின்னப் பிள்ளைகள், அம்மா செத்து முப்பது நாள், அவர்கள் காதில் "பாதாளம், குழி" என்று விழும்போது எந்தப் பெரியவருக்கும் பதறத்தான் செய்யும்.

சங்கீதம் 13-ஐப் பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது நாலு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார், ஆறாம் வசனத்துக்குள் பாட ஆரம்பித்துவிடுகிறார். 22-ஐப் பாருங்கள், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று ஆரம்பித்துக் கடைசியில் பூமியின் எல்லைகளெல்லாம் கர்த்தரிடம் திரும்பும் என்று முடிகிறது. அழ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுகையிலேயே குடியிருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். என் அண்ணன் ஒருவர் அப்படிக் குடியிருந்துவிட்டார், அவரை மீட்கவே முடியவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.


பெரம்பூர் பழைய மாணவன் எழுதியது:

பிரதர், உங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னீர்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும் நியாயம். பெரும்பாலான முறையீட்டுச் சங்கீதங்கள் நீங்கள் சொல்வது மாதிரி திரும்பத்தான் செய்கின்றன. ஆனால் திரும்பாததும் இருக்கிறது, 88 மட்டும் இல்லை. 39-இன் கடைசி வசனம் என்ன? நான் போய்ச் சேர்வதற்கு முன் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ள என்னை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் என்று கடவுளிடமே கேட்கிறான். தொகுத்தவர்களுக்கு இதற்கெல்லாம் ஒரு துதி வரியை ஒட்டுவது பெரிய வேலையா? ஒட்டவில்லை.

நீங்கள் 13-ஐ எடுத்ததால் ஒன்று சொல்கிறேன், இது படிக்கும்போது என்னை உலுக்கிய இடம். 13-இல் அழுகை நம்பிக்கையாகத் திரும்புகிற வசனம் எபிரெயத்தில் "வஅனி" என்று ஆரம்பிக்கும். "நானோ" என்று பொருள். நானோ உமது கிருபையை நம்பியிருக்கிறேன் என்று போகும். அதே "வஅனி" 88-இல் பதின்மூன்றாம் வசனத்தின் ஆரம்பத்திலும் வருகிறது. அந்தப் பாட்டு முறை தெரிந்த எபிரெயன் அந்தச் சொல்லைக் கேட்டதும், இதோ திரும்பப் போகிறது என்று நிமிர்ந்திருப்பான். ஆனால் வருவது என்ன? "நானோ கர்த்தாவே, உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன், காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்." துதி இல்லை, மறுபடியும் கூப்பிடுதல்தான், அடுத்த வசனமே ஏன் என்னைத் தள்ளுகிறீர் என்று போய்விடுகிறது. திரும்ப வேண்டிய இடத்தில் அவனிடம் கொடுக்க இருந்தது அது மட்டும்தான், நாளைக் காலையிலும் வந்து கூப்பிடுவேன் என்பது.


காசிமேடு கரை எழுதியது:

படித்தவர்கள் பேசும் இடத்தில் எனக்கு என்ன வேலை என்று இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆனால் ஒப்பாரியைப் பற்றி யாருமே சொல்லாததால் எழுதுகிறேன்.

எங்கள் ஆயா ஒப்பாரி வைப்பதில் பேர் போனவர். காசிமேட்டில் யார் வீட்டில் சாவு என்றாலும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். நான் சின்னப் பெண்ணாகக் கூடப் போயிருக்கிறேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டுக்கொண்டு தலையைத் தலையோடு சேர்த்து ஆடுவார்கள். ஆயா ஒரு அடி எடுத்துவிடுவார், மற்றவர்கள் அதன் கடைசி இழுப்பைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த இழுப்புக்குள் ஆயா அடுத்த அடியை மனதில் கட்டிவிடுவார். முதல் பாதி நீளமாக இருக்கும், இரண்டாம் பாதி மூச்சு போதாமல் சட்டென்று ஒடியும். வேண்டுமென்றே அப்படி ஒடிப்பார். அங்கேதான் கூட்டம் உடைந்து அழும். வலை இழுக்கப் போய்த் திரும்பாத பையன் வீட்டில் அவன் அம்மாவுக்கு மூன்று நாளாகக் கண்ணீரே வரவில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆயா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேரைச் சொல்லி நாலு அடி பாடியதும்தான் அந்த அம்மா வாய்விட்டுக் கத்தினார். ஆயா வீட்டுக்கு வந்து, "இனிமே அவ பொழச்சுக்குவா" என்றார்.

பைபிளில் இந்த மாதிரிப் பெண்கள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்று. ஒப்பாரியில் செத்தவரைப் பார்த்துத்தான் கேட்போம், என்னை விட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று. பதில் வராது என்று தெரியும், இருந்தும் கேட்போம். இந்தச் சங்கீதத்தை நேற்று வாசித்தேன். உயிரோடு இருக்கிற கடவுளைப் பார்த்து அதே குரலில் கேட்கிற மாதிரி எனக்குப் பட்டது.


பெரம்பூர் பழைய மாணவன் எழுதியது:

அக்கா, நீங்கள் கடைசியில் சொன்னதை நாங்கள் மூன்று வருஷம் உட்கார்ந்து படித்தோம். செத்தவருக்குப் பாடுவது "கீனா", கடவுளிடம் முறையிடுவது வேறு வகை என்று பிரிப்பார்கள். சவுலும் யோனத்தானும் செத்தபோது தாவீது பாடியது கீனா, அதில் செத்த யோனத்தானைப் பார்த்தே பேசுகிறார், "என் சகோதரனாகிய யோனத்தானே" என்று. புலம்பல் புத்தகத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் பாபிலோன் படை எருசலேமைக் கொளுத்திய பிறகு, நகரத்தையே செத்த வீட்டுப் பெண்ணாக உட்கார வைத்துப் பாடுகிறார்கள். "ஐயோ! ஜனம்பெருத்த நகரி தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே!" எபிரெயத்தில் இந்த ஐயோ "எய்கா", அதுவே அந்தப் புத்தகத்துக்குப் பேர்.

இப்போது உங்கள் ஆயா ஒடித்ததைக் கேளுங்கள். 1882-இல் கார்ல் புட்டே என்ற ஜெர்மானியர் இந்தப் பாட்டுகளின் அளவை எண்ணிப் பார்த்து, வரியின் முதல் பாதியில் மூன்று அழுத்தம், இரண்டாம் பாதியில் இரண்டுதான் என்று எழுதினார். "எய்கா யாஷ்வா வாதாத்" என்று மூன்று, "ஹாஈர் ரப்பதி-ஆம்" என்று இரண்டு. நொண்டுகிற நடை என்று சொல்வார்கள். எல்லா வரியும் அப்படி இல்லை, ஆனால் அந்த ஒடிவு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் கேட்ட பெண்கள் எரேமியா 9-இல் இருக்கிறார்கள், தமிழில் "புலம்பற்காரிகள்" என்றே இருக்கிறது. ஆள் அனுப்பிக் கூப்பிடச் சொல்கிறார், அவர்கள் வந்து பாடினால் நம் கண்களிலிருந்து தண்ணீர் ஓடும் என்கிறார். உங்கள் மகள்களுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை அது.

புலம்பலில் இன்னொன்றும் பாருங்கள். 1, 2, 4 அதிகாரங்கள் எபிரெய எழுத்து வரிசையில் 22 வசனம், ஒவ்வொன்றும் அடுத்த எழுத்தில் ஆரம்பிக்கும், நம் ஆத்திசூடி மாதிரி. நடுவில் இருக்கிற மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. ஐந்தாவதில் 22 வசனம் இருக்கிறது, எழுத்து வரிசை இல்லை. துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் அந்தக் கட்டும் அவிழ்ந்துபோகிறது என்று எனக்குத் தோன்றும். யூதர்கள் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் உபவாசம் இருந்து, தரையிலோ தாழ்வான பலகையிலோ உட்கார்ந்து இதை வாசிக்கிறார்கள். கடைசி வசனம் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்கிற தொனியில் முடிவதால், அதற்கு முந்தின வசனத்தை மறுபடியும் ஒரு தடவை சொல்லி முடிப்பது வழக்கம். எழுதியதை அழிக்கவில்லை, மாற்றவில்லை. முழுக்க வாசித்த பிறகு ஒரு வசனம் பின்னால் வந்து நின்றுகொள்கிறார்கள். கொருக்குப்பேட்டை பிரதர், நீங்கள் கேட்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.


ஒற்றியூரான் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, திருவொற்றியூர்க்காரன், தேவாரம் ஓதுகிற குடும்பம். தம்பி ஜேவின் அம்மாவை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கோவிலில் மாசி உற்சவத்தில் மகிழடி சேவை நடக்கும். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு மகிழ மரத்தடியில், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த இடம். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போது ஒற்றியூர் இறைவனைப் பார்த்து அவர் பாடியதை இன்றைக்கும் ஓதுகிறோம். "மூன்று கண்ணுடையாய், அடியேன் கண் கொள்வதே கணக்கு வழக்காகில், ஊன்றுகோல் எனக்கு ஆவது ஒன்று அருளாய்." உனக்கு மூன்று கண் இருக்கிறது, என்னுடைய இரண்டையும் எடுத்துக்கொள்வதுதான் உன் கணக்கென்றால் தடவிப் போக ஒரு கோலாவது கொடு என்கிறார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்து, ஆரூர் போய் மற்ற கண்ணுக்காகப் பாடியது இன்னும் கடுமை. "குற்றம் ஒன்றும் செய்ததில்லை, கொத்தை ஆக்கினீர்" (கொத்தை என்றால் குருடு) என்கிறார், "நீரே பழிப்பட்டீர்" என்கிறார், பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நீர் நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்று. சத்தியத்தை மீறியவர் அவர்தான், ஆனாலும் அப்படிக் கேட்கிறார்.

ஓதுகிறவர்களுக்குத் தெரியும், பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பேரைச் சொல்லி, இதைப் பாடுகிறவர்களுக்கு இன்ன பலன் என்று முடிப்பது வழக்கம். இந்தப் பதிகத்தில் பேர் வரும், பலன் வராது. "பாரூர் அறிய என்கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்" என்று ஊரறியக் குற்றம் சொல்லி, அதே "வாழ்ந்து போதீரே" என்பதோடு நிறுத்திவிடுகிறார். நீங்கள் 88-ஐப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அவரைத் தம்பிரான் தோழர் என்றுதானே சொல்கிறோம். தோழனிடம்தான் இப்படிப் பேச முடியும். எங்கள் அப்பா இந்தப் பதிகத்தை ஓதும்போது கடைசிப் பாட்டு முடிந்ததும் உடனே எழுந்திருக்க மாட்டார், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார்.


வண்ணை ஜே எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இங்கே எழுதியதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ராயபுரம் அம்மா சொன்ன வெள்ளிக்கிழமை ஜெபத்தைக் கேட்டதும், "நெஜமாவா, எல்லா ஊர்லயுமா" என்று இரண்டு தடவை கேட்டார். ஒற்றியூர் ஐயா எழுதியதை வாசிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசிமேடு அக்கா, உங்கள் ஆயாவைப் பற்றிக் கேட்டதும், எங்கள் பாட்டிக்கும் ஒப்பாரி தெரியும், சபைக்கு வந்த பிறகு பாடக்கூடாது என்று விட்டுவிட்டார்கள் என்றார். இது எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

அப்புறம் பெரம்பூர் அண்ணன் கேட்டதற்காகப் பைபிளை எடுத்து லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். நீலக் கோடு நிறைய வசனங்களில் இருக்கிறது. பென்சில் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில்தான், பதின்மூன்றாம் வசனத்தின் ஓரத்தில். இடம் போதாமல் பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கி, அடுத்த சங்கீதத்தின் ஓரத்திலும் கொஞ்சம் போயிருக்கிறது. ஆரம்பத்தில் சின்னதாக, நேராக இருக்கிறது. கடைசியில் இருப்பவை கோணலாக, சில இடத்தில் பென்சில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, கை வீங்கியிருந்த நாட்களாக இருக்க வேண்டும்.

என்ன புள்ளி இது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான், "நீ வண்டி எடுக்கப் போறதுக்குள்ள அவ என்னடா பண்ணிட்டிருப்பா" என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்பது மாதம். அம்மா விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார், நடுவில் கணக்குத் தவறிவிட்டது. நான் முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். 71 இருந்தது.